‘வாயுத் தொல்லை’ என்று எழுதினால் போதுமா? மருத்துவக் குறியீடு பற்றிய வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வயிற்று வாயுவைப் பற்றியவை. எளிய தொல்லை என்று எல்லோரும் எண்ணும் ஒன்றைப் பதிவதிலும் குறியிடுவதிலும் இத்தனை பேருக்கு ஐயம் இருப்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. மருத்துவப் பதிவுகளைத் தணிக்கை செய்யும் பணியில் நான் மிகுதியாகத் திருப்பி அனுப்பியவை அரிய நோய்களின் பதிவுகள் அல்ல, இத்தகைய அன்றாடத் தொல்லைகளின் பதிவுகளே. அரிய நோய் என்றால் மருத்துவர் ஒரு பக்கம் எழுதுகிறார். வாயு என்றால் ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார். கேள்வி அனுப்பியவர்களில் பலர் அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளைக் குறியிடுபவர்கள் என்பதால், வேறு குறிப்பு இல்லாத இடங்களில் எல்லாம் நோய்களுக்கும் அறிகுறிகளுக்கும் எண் தரும், அங்கு வழங்கும் ஐசிடி-10-சிஎம் என்ற குறியீட்டுத் தொகுப்பையே கருத்தில் கொண்டு எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் பயிற்சி நிலையில் இருக்கும் கோடர், அதாவது மருத்துவப் பதிவுகளுக்குக் குறியீடு இடும் குறியீட்டாளர். புறநோயாளிப் பதிவு ஒன்றில் மருத்துவர் ‘வாயுப் பிரச்சினை’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஆர்14 பிரிவில் நான்கு குறியீடுகள் உள்ளன. எதைத் தேர்வது?

பதில்: அந்த நான்கும் ஏன் உண்டாயின என்பதிலிருந்து தொடங்கினால் விடை தெளிவாகும். முந்தைய ஐசிடி-9-சிஎம் தொகுப்பில் வயிற்று உப்புசம், ஏப்பம், வாயு பிரிதல், வாயு வலி ஆகிய நான்கும் 787.3 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கியிருந்தன. 2015 அக்டோபர் 1 அன்று புதிய தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோது அவை பிரிக்கப்பட்டன. ஆர்14.0 என்பது வயிற்று உப்புசம், ஆர்14.1 என்பது வாயு வலி, ஆர்14.2 என்பது ஏப்பம், ஆர்14.3 என்பது வாயு பிரிதல். உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10 தொகுப்பில் இப்பிரிவினை கிடையாது. அங்கு ஆர்14 என்ற மூன்றெழுத்துக் குறியீடு மட்டுமே இருக்கிறது.

பிரித்ததற்கு மருத்துவக் காரணம் உண்டு. ஏப்பமாக வெளியேறுவது பெரும்பாலும் நாம் விழுங்கிய காற்று. ஆசனவாய் வழியே பிரியும் வாயுவில் பெரும்பகுதியோ, செரிக்காமல் பெருங்குடலை அடைந்த மாவுப்பொருளைப் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்வதால் உண்டாகும் ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலரிடம் மீத்தேன் ஆகியவை. தோன்றும் இடமும் வேறு, காரணமும் வேறு, அடுத்துச் செய்யவேண்டிய ஆய்வும் வேறு. எனவே ‘வாயு’ என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறிக்கும் மருத்துவர், தாம் கேட்டு அறிந்த செய்தியைத் தம்மை அறியாமலே பதிவிலிருந்து அழித்துவிடுகிறார்.

இனி உங்கள் பதிவுக்கு வருவோம். சொல்லைத் தேடிக் குறியீட்டைக் காண உதவும் அகரவரிசைச் சுட்டியில் ‘மிகுதியான வாயு’, ‘வயிற்றில் வாயு’ என்ற தொடர்கள் ஆர்14.0க்கும், ‘வாயு வலி’ என்ற தொடர் ஆர்14.1க்கும் அழைத்துச் செல்லும். ஒரு சொல் கூடினாலோ குறைந்தாலோ எண் மாறிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே முதலில் அந்த வருகையின் பதிவு முழுவதையும் படியுங்கள். நோய் வரலாற்றுப் பகுதியில் ‘சாப்பிட்ட பின் வயிறு உப்புகிறது’ என்று இருந்து, மருத்துவரின் முடிவும் அதையே சுட்டுகிறது என்றால் ஆர்14.0 பொருந்தும். எங்கும் எதுவும் இல்லை என்றால் மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள். ஊகித்து ஓர் எண்ணை இடுவது குறியீட்டாளரின் வேலை அன்று.

ஆர்14.0 பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் தலைப்பில் ‘வாயுவினால்’ என்ற சொல் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பது கட்டாயமில்லாத அடைமொழி என்பது இத்தொகுப்பின் மரபு. ஆகையால் மருத்துவர் ‘வயிறு புடைத்திருக்கிறது’ என்று மட்டும் எழுதினாலும் சுட்டி உங்களை ஆர்14.0க்கே கொண்டு சேர்க்கும். வயிறு புடைப்பதற்கு வாயு மட்டுமா காரணம்? நீர் கோத்திருக்கலாம், கட்டி இருக்கலாம், குடல் அடைபட்டிருக்கலாம், கர்ப்பமாகவும் இருக்கலாம். நீர்க்கோவை என்று மருத்துவர் முடிவு செய்திருந்தால் அது ஆர்18 பிரிவைச் சேர்ந்தது. அந்த முடிவு ஸ்கேன் அறிக்கையில் மட்டும் கிடந்து, மருத்துவரின் குறிப்பில் ஏறாமல் போனால், நீர் கோத்த வயிறு வாயு நிறைந்த வயிறாகப் புள்ளிவிவரத்தில் பதிவாகிவிடும்.

கேள்வி: நான் மருத்துவரின் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் பணியில் இருக்கிறேன். நோயாளி ‘கேஸ்’ என்றே சொல்கிறார். அவர் சொன்னபடி எழுதுவது தவறா?

பதில்: தவறே இல்லை, அதை அவ்வாறே எழுதத்தான் வேண்டும். ஆனால் அதற்குரிய இடம் ‘வந்த காரணம்’ என்ற பகுதி. மருத்துவரின் முடிவு என்ற பகுதிக்கு அச்சொல் அப்படியே இறங்கி வருவதுதான் தவறு. நோயாளி சொன்னது நோயாளியின் சொல்லாகவும், மருத்துவர் கண்டது மருத்துவரின் சொல்லாகவும் இரண்டு தனி இடங்களில் நிற்கவேண்டும்.

தமிழில் இதற்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. நம் பேச்சில் ‘வாய்வு’ என்ற சொல் வயிற்றோடு நிற்பதில்லை. முதுகில் பிடித்தாலும் வாய்வு, மூட்டு வலித்தாலும் வாய்வு, நெஞ்சை அடைத்தாலும் வாய்வு. முதுகுத் தசையில் பிடிப்பு என்று வந்தவரைச் செரிமானக் குறியீட்டில் அடைத்த பதிவுகளை நான் கண்டிருக்கிறேன். எங்கே என்று கை வைத்துக் காட்டச் சொல்லி, காட்டிய இடத்தைப் பெயரிட்டு எழுதினால் இப்பிழை நேராது.

நெஞ்சை அடைக்கும் ‘கேஸ்’ என்பது உயிர் தொடர்பான செய்தி. மாரடைப்பின் வலியைப் பலர் வாயு என்றே எண்ணிக்கொள்கிறார்கள், அதுவும் மேல்வயிற்றில் உணரப்படும்போது நன்றாகவே ஏமாந்துவிடுகிறார்கள். இப்படி வந்தவரின் பதிவில் வலி தொடங்கிய நேரம், பரவிய இடம், வியர்வையும் மூச்சுத்திணறலும் இருந்தனவா என்பது, இதய மின்வரைபடம் எடுத்த நேரம், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் என்ற குருதிச் சோதனை எத்தனை முறை எந்தெந்த நேரத்தில் பார்க்கப்பட்டது என்பது ஆகிய அனைத்தும் இருக்கவேண்டும். இதயக் காரணம் இல்லை என்று மருத்துவர் முடிவு செய்து ‘இதயம் சாராத நெஞ்சு வலி’ என்று எழுதினால் அது ஆர்07.89. காரணம் எதுவும் குறிக்காத நெஞ்சு வலி ஆர்07.9. நோயாளி உச்சரித்த ‘கேஸ்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஆர்14 பிரிவுக்குப் போய்விட்டால், அந்த நோயாளி நெஞ்சு வலியோடு வந்தார் என்பதற்கே தடயம் இராது. ஆறு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் அந்தப் பதிவைத் திறக்கும்போது அவருக்குத் தேவைப்படும் முதல் செய்தியே அதுதான்.

உப்புசத்திலும் இவ்வாறு ஒன்று உண்டு. வயிறு உப்புவதாக நோயாளி உணர்வது வேறு, வயிற்றின் சுற்றளவு கூடியிருப்பதை மருத்துவர் கண்ணால் காண்பது வேறு. குறியீட்டில் இரண்டும் ஆர்14.0தான். ஆனால் பதிவில் இரண்டும் தனித்தனியே எழுதப்படவேண்டும். எத்தனை நாட்களாக, மாதத்தில் எத்தனை முறை, உடல் எடை குறைந்ததா, மலத்தில் குருதி உண்டா என்பவையும் வேண்டும். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறிப்பாக 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு வயிறு புடைத்தல் போன்ற அறிகுறிகள் மாதத்தில் 12 முறைக்கு மேல் தொடர்ந்து வந்தால் சூலகப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்யவேண்டும் என்கிறது. பதிவில் ‘அடிக்கடி உப்புசம்’ என்று மட்டும் இருந்தால் அந்த 12 என்ற எண்ணை யாரால் கணக்கிட முடியும்? ஒவ்வொரு வருகையிலும் புதிதாக வந்த சிறு தொல்லை போலவே அது தோன்றிக்கொண்டிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, ‘அடிக்கடி’ என்று எழுத நேரும் இடத்தில் எல்லாம் ஓர் எண்ணைக் கேட்டு எழுதுங்கள் என்று உங்களைப் போன்றோரிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வயிற்று வலியும் உப்புசமும் சேர்ந்து எழுதப்பட்டால் இரண்டையும் குறியிடலாமா?

பதில்: இடலாம். வயிற்று வலிக்கான ஆர்10 பிரிவின்கீழ் ஆர்14 பிரிவு இரண்டாம் வகை விலக்குக் குறிப்பில்தான் இடம்பெற்றிருக்கிறது. ஒன்று மற்றொன்றில் அடங்காது, இரண்டும் ஒருவரிடம் இருந்தால் இரண்டையும் இடலாம் என்பதே அதன் பொருள். முதல் வகை விலக்குக் குறிப்பாக இருந்தால் பொதுவாகச் சேர்த்து இடக்கூடாது. ஆனால் வலியே வாயுவினால் வந்தது என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஆர்14.1 ஒன்றே போதும்.

கேள்வி: ‘எரிச்சல் குடல் நோயாக இருக்கலாம்’ என்று மருத்துவர் எழுதுகிறார். அதைக் கே58 என்று குறியிட்டேன். தணிக்கையில் பிழை என்று வந்துவிட்டது. மருத்துவரே எழுதியதுதானே?

பதில்: மருத்துவர் எழுதியது உண்மை, அவர் உறுதி செய்யவில்லை என்பதும் உண்மை. புறநோயாளிப் பதிவில் ‘இருக்கலாம்’, ‘ஐயுறப்படுகிறது’, ‘விலக்கவேண்டும்’ போன்ற சொற்களோடு வரும் நோயைக் குறியிடக்கூடாது என்பது குறியிடுதலுக்கான அதிகாரபூர்வ வழிகாட்டுதலின் நான்காம் பகுதியில் உள்ள விதி. அன்றைய வருகையில் எந்த அளவுக்கு உறுதியாகத் தெரிந்ததோ அந்த அளவிலேயே, அதாவது உப்புசம், வயிற்று வலி, மலப்போக்கு மாற்றம் என்ற அறிகுறிகளின் அளவிலேயே நிற்கவேண்டும்.

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவருக்கு விதி நேர்மாறானது. வீடு திரும்பும்போது எழுதப்படும் இறுதிக் குறிப்பிலும் ‘இருக்கலாம்’ என்றே நின்றால், அந்நோய் இருப்பதாகவே கொண்டு குறியிடவேண்டும். ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு வகையாக நடத்தப்படுவது புதியவர்களைக் குழப்புகிறது. தங்கிச் சிகிச்சை பெறுபவருக்குச் செய்யப்படும் ஆய்வுகளும் தொடக்க மருத்துவமும் உறுதியான நோய்க்குச் செய்வதை ஒட்டியே அமைகின்றன, ஆகவே செலவிட்ட உழைப்பும் பொருளும் அந்நோயின் கணக்கில் சேர்வது முறை என்பதே இதற்கு அடிப்படை. புறநோயாளியிடம் அந்த நியாயம் பொருந்தாது. ஒரு வருகையில் எழுந்த ஐயம் அவருடைய பதிவில் நிலையான நோயாக ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைக் கழற்றுவது மிகவும் கடினம்.

அறிகுறிக் குறியீட்டை இடுவதைத் தோல்வியாக எண்ணும் மனநிலை பல பணியிடங்களில் இருக்கிறது. அது தவறான எண்ணம். நோய் உறுதியாகாதபோது அறிகுறியைக் குறியிடுவதுதான் சரியான குறியீடு என்று வழிகாட்டுதலே சொல்கிறது.

கேள்வி: எரிச்சல் குடல் நோய் உறுதியாகிவிட்டது. அதனுடன் உப்புசத்தையும் சேர்த்து எழுதலாமா? இன்னொன்று, இரண்டு நாடுகளுக்கு வேலை செய்யும் என் தோழி கே58.1 என்றால் வயிற்றுப்போக்கு என்கிறாள், நானோ மலச்சிக்கல் என்று படித்திருக்கிறேன். யார் சரி?

பதில்: இருவரும் சரி. ஆபத்து அங்குதான் இருக்கிறது. அமெரிக்கத் தொகுப்பில் 2016 அக்டோபர் 1 முதல் கே58.1 என்பது மலச்சிக்கலுடன் கூடிய எரிச்சல் குடல் நோய், கே58.2 கலப்பு வகை, கே58.0 வயிற்றுப்போக்குடன் கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10இல் பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவினையிலோ கே58.1 வயிற்றுப்போக்கு வகை, கே58.2 மலச்சிக்கல் வகை, கே58.3 கலப்பு வகை. எழுத்தும் எண்ணும் ஒன்றாக இருந்து பொருள் தலைகீழாக இருக்கும் இடம் இது. ஒரு நாட்டின் பதிவை மற்றொரு நாட்டின் மென்பொருளில் ஏற்றும்போது எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது, ஏனெனில் இரண்டிலும் அது செல்லுபடியாகும் குறியீடே. உங்கள் தோழி ஒவ்வொரு கோப்பிலும் எந்தத் தொகுப்பு என்பதை முதல் வரியிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

உப்புசத்தைப் பொறுத்தவரை, ஒரு நோயுடன் வழக்கமாகச் சேர்ந்து வரும் அறிகுறியைத் தனியே குறியிடக்கூடாது என்பது பொது விதி. எரிச்சல் குடல் நோயாளிகளிடம் உப்புசம் மிக இயல்பாகக் காணப்படுவது. எனவே ஆர்14.0ஐச் சேர்ப்பது தேவையற்றது. லாக்டோஸ் ஒவ்வாமை என்று உறுதியாகி இ73 பிரிவில் குறியிட்டபின் வாயு பிரிதலைச் சேர்ப்பதும் அப்படியே. ‘ஒவ்வாமை’ என்ற சொல்லைப் பலரும் வழக்கத்தால் எழுதுகிறார்கள், நானும் எழுதிவிட்டேன். உண்மையில் அது லாக்டேஸ் நொதியின் குறைபாடு, நோய்த்தடுப்பு மண்டலத்தின் எதிர்வினை அன்று. பால் அலர்ஜிக்கான குறியீடு முற்றிலும் வேறு. பதிவில் ‘பால் ஒத்துக்கொள்ளாது’ என்று மட்டும் இருந்தால் இரண்டில் எது என்று கேட்டே தீரவேண்டும். அலர்ஜி என்று தவறாக ஏறிவிட்டால் அது ஒவ்வொரு மருந்துச் சீட்டின்மேலும் எச்சரிக்கையாக எழும்.

விதிக்கு விலக்கும் உண்டு. எரிச்சல் குடல் நோய் உள்ளவரிடம் புதிதாக, அந்நோயால் விளக்கமுடியாத வகையில் வயிறு புடைத்திருப்பதாக மருத்துவர் எழுதி அதற்கெனத் தனி ஆய்வு செய்கிறார் என்றால் ஆர்14.0 கட்டாயம் இடம்பெறவேண்டும். அங்கு அது பழைய நோயின் நிழல் அன்று, புதிய செய்தி.

கேள்வி: ‘காற்று விழுங்கும் பழக்கம்’ என்று மருத்துவர் எழுதியதைக் குறியிட்டபோது மனநலப் பிரிவின் எஃப்45.8 வந்தது. நோயாளி தம் பதிவைப் பார்த்து மிகவும் வருந்தினார். வேறு வழி இல்லையா?

பதில்: அவருடைய வருத்தம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். சுட்டியில் காற்று விழுங்குதல் என்ற சொல்லுக்கு அருகே ‘உளவியல் சார்ந்த’ என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. முன்பு சொன்னதுபோல் அது கட்டாயமில்லாத அடைமொழி. ஆகவே மருத்துவர் மனநலத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாவிட்டாலும் சுட்டி எஃப்45.8க்கே செலுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தொகுப்பில் உளவியல் சார்ந்த காற்று விழுங்குதல் எஃப்45.3இல் இருக்கிறது. ஆர்14 பிரிவும் அதைத் தன்னிடமிருந்து விலக்கியே வைத்திருக்கிறது.

ஆனால் காற்று விழுங்குவதற்கு மனத்தோடு தொடர்பில்லாத காரணங்கள் பல. வேகமாக உண்பது, சூயிங்கம் மெல்லுவது, பொருந்தாத பல்செட், உறக்கத்தில் மூச்சுத்தடைக்காக இரவில் அணியும் சிபேப் கருவி ஆகியவை அவற்றுள் சில. சிபேப் அணிபவர் காலையில் உப்பிய வயிற்றோடும் தொடர் ஏப்பத்தோடும் எழுவது அவர் மனத்தின் குறை அன்று. குறியீட்டாளர் இங்கு தாமாக எண்ணை மாற்றக்கூடாது. மருத்துவரிடம் நிலையை விளக்கி, இது உளவியல் சார்ந்ததா, கருவியால் வந்ததா, அல்லது ஏப்பம், உப்புசம் என்ற அறிகுறியாகவே பதியவேண்டியதா என்று கேட்கவேண்டும். அவர் ‘சிபேப் பயன்பாட்டால் ஏப்பமும் உப்புசமும்’ என்று தம் மருத்துவ முடிவாகத் திருத்தி எழுதினால் ஆர்14.2, ஆர்14.0 என்று போகலாம். மருத்துவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பார்களேயானால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: காரணம் தெரிந்த இடத்தில் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு சொல்லைச் சுருக்கியதால் ஒருவருக்கு அவரிடம் இல்லாத மனநலக் குறியீடு ஏறக்கூடாது.

கேள்வி: உப்புசத்துக்கு மூச்சுப் பரிசோதனை செய்கிறார்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கும்போது, சிறுகுடல் பாக்டீரியப் பெருக்கம் என்று மாற்றி அனுப்புமாறு எங்கள் மேலாளர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யக்கூடாது. பரிசோதனைக்கு அனுப்பிய காரணம் எதுவோ அதுவே குறியீடு. முடிவு வந்து, மருத்துவர் அதைப் படித்து, நோய் உறுதி என்று எழுதிய பிறகே அந்நோயின் குறியீட்டை இடலாம். பணம் கிடைப்பதற்காக இல்லாத நோயை எழுதுவது பொய்யான கோரிக்கை ஆகும். அமெரிக்கச் சட்டத்தில் அதற்குக் கடுமையான தண்டம் உண்டு, அந்நோய் இல்லாதவரின் பதிவில் அது பல்லாண்டு தங்கியும் விடும்.

மறுப்பு வந்ததன் உண்மைக் காரணம் பெரும்பாலும் பதிவின் வறுமைதான். மூச்சில் ஹைட்ரஜனையும் மீத்தேனையும் அளக்கும் இச்சோதனையின் செயல்முறைக் குறியீடு 91065. அதே எண்தான் லாக்டேஸ் குறைபாட்டைக் கண்டறியவும், ஃபிரக்டோஸ் ஏற்காமையை அறியவும், பாக்டீரியப் பெருக்கத்தை அறியவும் பயன்படுகிறது. எதற்காகச் செய்தார்கள் என்பதைக் குறிப்புதான் சொல்லவேண்டும். எத்தனை மாதத் தொல்லை, உணவில் எதை நிறுத்திப் பார்த்தார்கள், முன்பு குடல் அறுவை நடந்ததா, எந்த மருந்து பயன்தரவில்லை என்பவை எழுதப்பட்டிருந்தால் மேல்முறையீட்டுக்கு அடிப்படை கிடைக்கும்.

முடிவுகளையும் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். வட அமெரிக்க வல்லுநர்கள் 2017இல் வெளியிட்ட ஒத்த கருத்தின்படி, 90 நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் தொடக்க அளவைவிடப் பத்து லட்சத்தில் 20 பங்கு அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் சிறுகுடல் பாக்டீரியப் பெருக்கத்தைக் காட்டுகிறது. மீத்தேன் எந்நேரத்திலும் பத்து லட்சத்தில் 10 பங்கை எட்டினால் அது மீத்தேன் சார்ந்தது. குறியீடும் இந்த வேறுபாட்டைக் கேட்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் ஹைட்ரஜன் வகைக்குக் கே63.8211, ஹைட்ரஜன் சல்பைடு வகைக்குக் கே63.8212, வகை குறிப்பிடப்படாததற்குக் கே63.8219, குடலில் மீத்தேன் நுண்ணுயிர்ப் பெருக்கத்துக்குக் கே63.829 என்று தனித்தனியே வந்துவிட்டன. அத்தேதிக்கு முந்தைய வருகைக்கு இவற்றை இட்டால் கோரிக்கை திரும்பிவிடும். கோரிக்கையை அனுப்பும் நாளைப் பாராமல் சேவை நடந்த நாளைப் பார்த்துத் தொகுப்பைத் தேர்வு செய்யுங்கள்.

மருத்துவரிடம் நீங்கள் அனுப்பும் விளக்கக் கேள்வி, அதாவது க்வெரி, விடையைத் திணிப்பதாக இருக்கக்கூடாது. ‘பாக்டீரியப் பெருக்கம் என்று எழுதித் தரமுடியுமா?’ என்று கேட்பது முறையன்று. ‘இந்தத் தேதியில் நடந்த மூச்சுப் பரிசோதனையில் ஹைட்ரஜன் இவ்வளவு உயர்ந்ததாக அறிக்கை உள்ளது. இதன் மருத்துவப் பொருளைத் தங்கள் குறிப்பில் பதியுமாறு வேண்டுகிறேன்’ என்று எழுதி, பொருந்தக்கூடிய தெரிவுகளுடன் ‘வேறு’, ‘முடிவு செய்ய இயலவில்லை’ என்பவற்றையும் கொடுப்பதே முறை. அக்கேள்வியில் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக்கூடாது.

கேள்வி: எனக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பை அகற்றப்பட்டது. பிறகு தோள்பட்டை வலியும் வயிற்று உப்புசமும் இருந்தன. அவை ‘அறுவைச் சிக்கல்’ என்று பதிவாகுமா?

பதில்: ஆகக்கூடாது. இவ்வறுவையின்போது வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்குகிறார்கள். எஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் வலி உணரப்படுகிறது. சில நாட்களில் அது அடங்கும். அறுவைக்குப்பின் எதிர்பார்க்கப்படும் வழக்கமான வலியைத் தனியே குறியிடவேண்டியதில்லை. ஒன்றைச் சிக்கல் என்று குறியிட, அது அறுவையால் விளைந்த சிக்கல் என்பதை மருத்துவர் தம் குறிப்பில் காட்டியிருக்கவேண்டும். அறுவைக்குப் பின் வந்தது என்பதாலேயே அறுவையால் வந்தது என்று ஆகிவிடாது. உப்புசம் நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தாலோ அது வேறு செய்தி. உடனே அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அவசரப் பிரிவின் பதிவில் ‘வாயு பாதிப்பு’ என்று இருந்தது. வயிற்று வாயு என்று நினைத்துத் தொடங்கினேன். படித்துப் பார்த்தால் கரி அடுப்புப் புகையால் மயங்கியவர். இத்தகைய பதிவை எப்படிக் குறியிடுவது?

பதில்: முழுப் பதிவையும் படித்ததால் பெரிய பிழையிலிருந்து தப்பினீர்கள். கார்பன் மோனாக்சைடு நச்சு டி58 (T58) பிரிவு. வாகனப் புகையால் என்றால் டி58.0, சமையல் அல்லது வெப்பத்துக்கான எரிவாயுவால் என்றால் டி58.1, கரி, விறகு போன்ற பிற வீட்டு எரிபொருள்களால் என்றால் டி58.2. உங்கள் பதிவு மூன்றாவதைச் சேரும். குளோரின் டி59.4, ஹைட்ரஜன் சல்பைடு டி59.6. வாயுவின் பெயரும் அது வந்த மூலமும் குறிப்பில் இல்லாமல் இவற்றில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

அடுத்து நோக்கம் குறிக்கப்படவேண்டும். தற்செயலா, தனக்குத்தானே செய்துகொண்டதா, பிறர் செய்ததா என்று குறிப்பில் எதுவும் இல்லை என்றால் தற்செயல் என்றே கொள்ளவேண்டும். ‘முடிவு செய்ய இயலவில்லை’ என்ற தெரிவு, நோக்கத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று மருத்துவர் வெளிப்படையாக எழுதியபோது மட்டுமே உரியது. மௌனத்தை ஐயமாக மாற்றிவிடாதீர்கள்.

ஆய்வு முடிவுகளில், குருதியில் கார்பாக்சிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின்) அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விரலில் பொருத்தும் சாதாரணப் பல்ஸ் ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏறியதிலிருந்து பிரித்தறியாது. எனவே ‘ஆக்சிஜன் 98 விழுக்காடு’ என்ற வரி மட்டும் பதிவில் இருந்தால், நோயாளி நலமாக இருந்தார் என்று பின்னால் படிப்பவர் தவறாக எண்ணக்கூடும்.

இக்குறியீடுகளின் இறுதியில் நின்று வருகையின் நிலையைக் காட்டும் ஏழாவது எழுத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ‘ஏ’ என்பது முதல் வருகை என்று மட்டும் பொருள்படாது, நச்சுக்கான நேரடிச் சிகிச்சை நடக்கும் காலம் முழுவதற்கும் அதுவே. குணமாகிவரும் நிலையில் வழக்கமான தொடர் வருகைக்கு ‘டி’ (D). கார்பன் மோனாக்சைடு நச்சில் சில வாரம் கழித்து மறதியோ நடை தடுமாற்றமோ தோன்றுவது உண்டு. அப்போது வருபவருக்கு அந்த மறதியையோ தடுமாற்றத்தையோ முதலில் குறியிட்டு, அதன்பின் டி58 குறியீட்டை ‘எஸ்’ என்ற எழுத்துடன் இடவேண்டும்.